214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647

வேலைல சேர்ந்து மூணாவது மாசம். ஒரு ஜவுளிக்கடைக்கு பில்லிங் சாஃப்ட்வேர் பண்ணிக் குடுத்திருந்தோம், பொங்கல் ஆஃபர் எஸ்எம்எஸ் அனுப்பணும்னு கஸ்டமர் லிஸ்ட் கேட்டாங்க, எடுத்துப் பாத்தா முன்னூத்தி சொச்சம் பேருக்கும் ஒரே மொபைல் நம்பர். 2147483647. கவுண்டர்ல பில் போடுற அக்கா போன்ல "ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டு கேட்டுதான் அடிச்சேன் தம்பி"ன்னு சொல்லும்போது குரல் கம்மிருச்சு. அவங்க மேல தப்பே இல்ல.

சீனியர் அண்ணன் நம்பர பாத்த ஒடனே "போன் நம்பர இன்ட்ல வச்சிட்டீங்களா"ன்னு கேட்டாரு. இன்ட்னா முழு எண்ண 32 பிட்ல, அதாவது 0 இல்ல 1 போடுற 32 இடத்துல வைக்கிற வகை. அதுல ஒன்னு பிளஸ்ஸா மைனஸான்னு சொல்றதுக்கே போயிடும், மிச்சம் 31ல அடங்குற பெரிய எண் இதுதான், ரெண்ட 31 தடவ பெருக்கி ஒன்ன கழிச்சா வர்றது. நம்ம ஊர் மொபைல் நம்பர் பத்து இலக்கம், 6லேருந்து 9க்குள்ள தொடங்கும், ஒன்னுகூட இதுக்குள்ள அடங்காது. டேட்டாபேஸ்ல ஸ்ட்ரிக்ட் மோட் (அடங்காத எண் வந்தா ஏத்துக்காம எரர் காட்டுற செட்டிங்) வேற ஆஃப்ல இருந்ததால எரர் காட்டாம எல்லாத்தயும் இந்த உச்சத்துக்கே வெட்டி சேவ் பண்ணிருக்கு. ஃபீல்ட மாத்த அஞ்சு நிமிஷம், ஆனா போன நம்பர் போனதுதான். பில் புக் கார்பன் காப்பிய வச்சு அக்கா படிக்க நான் அடிக்க ரெண்டு நாள் ஆச்சு.

அந்த ரெண்டு நாளும் இந்த எண்ணு மண்டைக்குள்ளயே ஓடுச்சு. தேடிப் படிச்சா, இது பகா எண்! எட்டாவது மெர்சென் பகா எண், அதாவது 2-ன் ஒரு அடுக்குலேருந்து ஒன்ன கழிச்சா வர்ற பகா எண்கள்ல எட்டாவது. அடுக்குல இருக்குற 31ஏ ஒரு மெர்சென் பகா எண்தான், அதனால இத இரட்டை மெர்சென்னும் சொல்லலாம். இத 2-ன் 30ஆம் அடுக்கால பெருக்கினா 2305843008139952128, தன்னத் தவிர மத்த வகுத்திய எல்லாம் கூட்டினா தானே திரும்பி வர்ற நிறைவெண்.

என்ன ரொம்ப பாதிச்சது கணித மேதை ஆய்லர்தான். 1772ல இது பகா எண்ணுன்னு நிரூபிச்சிருக்காரு, கண் பார்வை கிட்டத்தட்ட முழுசா போயிருந்த காலம் அது. சும்மா வகுத்துப் பாத்தா இதோட வர்க்கமூலம், அதாவது 46340 வரைக்கும் இருக்குற கிட்டத்தட்ட 4,800 பகா எண்ணாலயும் வகுக்கணும். அவரு, இதுக்கு ஒரு பகா வகுத்தி இருந்தா அத 248ஆல வகுக்கும்போது மீதி 1 இல்லன்னா 63தான் வரும்னு கண்டுபிடிச்சாரு, அப்டி வர்ற எண்ணே நானூறுக்குள்ள அடங்கிடுது, அதுலயும் பகா எண்ண மட்டும் பாத்தா போதும். என் லேப்டாப்ல லூப் போட்டா கண் சிமிட்டுறதுக்குள்ள முடியுது, அதனாலயே எனக்கு அந்த 248 இன்னும் பெருசா தெரியுது.

இப்பல்லாம் கோட் ரிவ்யூல டைம்ஸ்டாம்ப் (நேரத்த செகண்டு கணக்கா சேமிக்கிற எண்) 32 பிட்ல இருந்தா விடமாட்டேன், 1970லேருந்து எண்ற செகண்டு இந்த எண்ணத் தொட்டு நிக்கிறது 2038 ஜனவரி 19, நம்ம நேரப்படி காலைல 8:44:07.

லஞ்ச்ல நோட்ட எடுத்து கையாலயே வகுக்க ஆரம்பிச்சிருக்கேன். அந்த 248 கணக்குல வர்ற பகா எண்ணுல முதல் ஆளு 311, மீதி 35. அடுத்தது 1303, மீதி 226.