அலுமினியம் எஞ்சினில் தேய்ந்த சிலிண்டர்: மச்சானின் அக்சியோவுக்கு ஸ்லீவ் அடித்த கதை

மச்சானின் டொயோட்டா அக்சியோ ஆயிரம் கிலோமீற்றருக்கு ஒரு லீற்றர் ஒயில் குடிக்கத் தொடங்கியபோது, முதலில் காட்டிய பட்டறையில் எதையும் அளந்து பாராமலே, ரீபோர் செய்து, அதாவது சிலிண்டர் துளையைச் சற்றுப் பெரிதாகக் கடைந்து, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டால் சரியாகிவிடும் என்றார்கள். இரும்பு புளொக் கொண்ட பழைய லொறிக்கும் ட்ரக்டருக்கும் அது சரியான வைத்தியந்தான். ஆனால் அக்சியோவின் 1500 சிசி 1என்இசட் எஞ்சினின் புளொக் அலுமினியம். அதனுள் சிலிண்டரின் உட்சுவராக மெல்லிய வார்ப்பிரும்பு லைனரை வைத்தே புளொக்கை வார்த்திருக்கிறார்கள். அந்த லைனரின் தடிப்பு ரீபோருக்கு இடங்கொடுக்காது.

எல்லா அலுமினியம் எஞ்சினும் ஒரே வகையல்ல என்பதை இவ்விடத்தில் சொல்லவேண்டும். 1970இல் வந்த செவர்லே வேகாவிலும் பின்னர் போர்ஷே 928இலும் லைனரே இல்லை. ஏறத்தாழ 17 சதவீதம் சிலிக்கன் கலந்த அலுமினியத்தின் மேல் பிஸ்டன் நேரடியாக ஓடியது. அத்தகைய சுவரைக் கடைந்தபின் சிலிக்கன் மணிகள் மேலே தெரியும்படி தனி முறையில் மெருகூட்ட வேண்டும்; துளைச்சுவரைத் தேய்த்துச் சீராக்கும் சாதாரண ஹோனிங் கல் அதற்கு உதவாது. 1990களின் சில பிஎம்டபிள்யூ எஞ்சின்களில் நிக்கசில் என்ற நிக்கல், சிலிக்கன் கார்பைட் பூச்சு இருந்தது. கந்தகம் அதிகமுள்ள பெற்றோல் அதைக் கெடுத்தது. பழைய பூச்சை அகற்றி மீண்டும் பூசலாம், ஆனால் அது நம் பக்கத்துப் பட்டறைகளில் செய்கின்ற வேலையன்று.

எஞ்சினைப் பிரிக்குமுன் கொம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், பார்த்தோம். மூன்றாம் சிலிண்டரில் குறைவாக இருந்தது. அதனுள் ஒரு கரண்டி ஒயில் விட்டுப் பார்த்தபோது அளவு ஏறியது. கசிவு வால்வில் இல்லை, பிஸ்டனைச் சுற்றியுள்ள றிங்கிலோ சிலிண்டர் சுவரிலோதான் என்பதற்கு அது சான்று. ஒயில் றிங் கரி பிடித்து இறுகியிருந்தாலும் இப்படித்தான் ஒயில் குடிக்கும். அப்படியானால் சுத்தம் செய்து புது றிங் போடுவதோடு செலவு முடிந்துவிடும் என்று உண்மையிலேயே ஆசைப்பட்டேன். ஹெட்டைக் கழற்றி விரலை உள்ளே விட்டபோது, மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே நகம் ஒரு படியில் தட்டியது. புதிதில் 75 மில்லிமீற்றராக இருந்த துளை, அந்தப் படிக்குக் கீழே 75.16 ஆகவும் அடியில் 75.03 ஆகவும் இருந்தது. மேல் றிங் நின்று திரும்பும் இடத்தில் ஒயில் படலம் மிக மெல்லியதாகிவிடுவதால் தேய்வு அங்கேதான் அதிகம். மச்சான் வேளாண்மைக்காகக் கொக்கட்டிச்சோலைப் பக்கத்துக் கிறவல் வீதிகளில் நாளும் ஓடுபவர். காற்று வடிகட்டிப் பெட்டியின் கிளிப் ஒன்று உடைந்திருந்ததால், படுவான்கரைத் தூசு வடிகட்டாமலே உள்ளே போயிருக்கிறது.

மீதமிருந்த வழிகள் இரண்டு. ஜப்பானிலிருந்து வரும் பாவித்த எஞ்சினை வாங்கிப் பொருத்தலாம். ஆனால் அதன் உள்நிலை நமக்குத் தெரியாது, பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கத்தை மாற்றும் அலைச்சலும் உண்டு. ஆகவே நான்கு சிலிண்டரிலும் பழைய லைனரைக் கடைந்தெடுத்து, அதன் இடத்தில் ஸ்லீவ் என்ற புது இரும்புக் குழலை இறக்கும் வழியைத் தேர்ந்தோம். வார்க்கும்போதே அலுமினியம் லைனரைப் பற்றிக்கொள்வதால் அதை அழுத்தித் தள்ளி எடுக்க முடியாது; முழுவதும் கடைந்தே தீரவேண்டும்.

இவ்வேலையில் முக்கியமானது இறுக்கத்தின் அளவு, அதாவது ஸ்லீவின் வெளிவிட்டம் அது உட்காரும் துளையைவிட எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும் என்பது. ஒரே வெப்பத்துக்கு அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல ஏறத்தாழ இரு மடங்கு விரியும். ஸ்லீவ் உட்காரும் 79 மில்லிமீற்றர் துளையில் 80 பாகை வெப்பம் ஏறினால், அந்த வேறுபாடு மட்டும் சுமார் 0.075 மில்லிமீற்றர். இரும்பு புளொக்குக்குப் போதுமான இறுக்கத்தை இங்கே வைத்தால், எஞ்சின் சூடானதும் ஸ்லீவ் தளர்ந்து இறங்கிவிடும். ஹெட் கஸ்கட்டும் அதனோடு போகும். இந்தக் கணக்கைக் கல்முனையில் ஒரு லேத்துக்காரரிடம் சொன்னபோது, அவர் அதற்கு முன்னரே தம் கொப்பியில் அதை எழுதி வைத்திருந்தார். வேலையை அவரிடமே கொடுத்தோம். அவர் புளொக்கைச் சூடாக்கி, குளிர்ப்பெட்டியில் குளிரவைத்த ஸ்லீவை ஒரே மூச்சில் இறக்கினார். அடியில் வெட்டிய படியில் அது உட்கார்ந்த சத்தம் தெளிவாகக் கேட்டது. ஆறியபின் மேற்பரப்பைச் சமப்படுத்தி, ஹெட் இருப்பதுபோன்ற தடித்த தட்டொன்றை உரிய இறுக்கத்தில் போல்ட் பூட்டிய பின்னரே ஹோனிங் செய்தார். ஹெட்டை இறுக்கும்போது அலுமினியத் துளை சற்றே நெளியும். அந்த நெளிவோடு வட்டமாகக் கடைந்தால்தான் பூட்டியபின்னும் வட்டமாக நிற்கும். நான்கு துளைகளும் மீண்டும் 75க்கு வந்தன. ஆகவே ஸ்டாண்டர்ட் பிஸ்டனே போதுமானதாயிற்று.

பூட்டி 6,000 கிலோமீற்றர் ஓடிவிட்டது. சென்ற ஞாயிறு ஒயில் கோலை இழுத்துப் பார்த்தேன். மேல் கோட்டிலிருந்து ஒரு நூலளவே இறங்கியிருந்தது. வடிகட்டிப் பெட்டிக்கு இரண்டு கிளிப்பும் புதிதாகப் போட்டிருக்கிறோம்.