லைட் எரியுது, வண்டி நகரல: பழைய எஸ்டி40-2 என்னைப் படுத்திய மூன்று வாரம்

போன மாதம் பழைய எச்ஓ அளவு மாடல் ரயில் என்ஜின் ஒன்று கைக்கு வந்தது. அமெரிக்காவில் 1972-இல் இறங்கிய எஸ்டி40-2 என்ற சரக்கு டீசலின் 1:87 அளவு மாடல். கைமாறி வந்ததுதான். விற்றவர் நல்ல மனிதர், டிகோடர் உள்ளேயே இருக்கிறது, நான்கு இலக்க முகவரியைச் சீட்டில் எழுதியிருக்கிறேன், தண்டவாளத்தில் வைத்தால் ஓடும் என்றார். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் சொல்லாமல் விட்டது நிறைய.

என் பக்கம் ஏற்பாடு எளிமையானது. மாடி அறையில் எட்டடிக்கு நாலடி பிளைவுட் பலகை, அதன் மேல் ஒரு முட்டை வடிவச் சுற்று. டிசிசி (டிஜிட்டல் கட்டளை முறை) மின்சாரம் தருவது ஆர்டுயினோ மெகா, மோட்டார் ஷீல்டு என்ற இரண்டு மின்பலகைகளைச் சேர்த்து நானே கட்டிய டிசிசி-இஎக்ஸ் பெட்டி. த்ராட்டில், அதாவது வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி, தனியாக எதுவும் வாங்கவில்லை, பழைய போனே போதும். புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வரி: டிசிசியில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம் ஓடும், எந்த வண்டி எந்த வேகத்தில் போக வேண்டும் என்ற கட்டளையும் அதிலேயே கலந்து போகும். வண்டிக்குள் இருக்கும் டிகோடர் தன் முகவரிக்கு வந்த கட்டளையை மட்டும் எடுத்துக்கொண்டு மோட்டாரை ஓட்டும். அதன் குணத்தை மாற்ற எண்ணிட்ட சின்னச் சின்ன அறைகள் உண்டு. அவைதான் சிவி. ஒவ்வொன்றிலும் 0 முதல் 255 வரை ஓர் எண் எழுதலாம்.

முதல் நாள் மாலை வண்டியைத் தண்டவாளத்தில் வைத்து, சீட்டில் இருந்த முகவரியைப் போட்டு, லைட்டைத் தட்டினேன். பளிச்சென்று எரிந்தது. த்ராட்டிலை ஏற்றினேன். ஒன்றும் இல்லை. பாதி, முக்கால், முழுசு. கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது.

மோட்டார் வயர் அறுந்திருக்கும் என்று முடிவு கட்டி மேல்மூடியைக் கழற்றினேன். கைப்பிடிக் கம்பி ஒன்று உடைந்ததுதான் மிச்சம். வயர்கள் எல்லாம் கச்சிதமாக இருந்தன. அப்புறம்தான் தலையில் தட்டியது: மூடியைத் திறக்கும் முன்பே எனக்குப் பதில் கிடைத்திருந்தது. புரோகிராமிங் டிராக்கில் (சிவி படிக்கவும் எழுதவும் ஒதுக்கிய தனித் தண்டவாளத்தில்) வைத்து முகவரியைப் படித்தபோது எண் ஒழுங்காக வந்ததே! டிகோடருக்குப் பேச வாய் கிடையாது. 'ஆமாம்' என்று சொல்ல அது ஏறக்குறைய 6 மில்லிசெகண்டுக்குக் குறைந்தது 60 மில்லிஆம்ப் கூடுதலாக இழுத்துக் காட்டும். பெரும்பாலான டிகோடர்கள் இதற்கு மோட்டாரைத்தான் ஒரு சொடுக்கு சொடுக்கும். படிக்கும்போது வண்டி லேசாக நடுங்கியதைக் கண்ணால் பார்த்தேன். மோட்டார் இணைப்பு இல்லாவிட்டால் அந்த நடுக்கம் எங்கிருந்து வரும்?

சரி, லைட் கேட்கிறது, வேகம் மட்டும் கேட்கவில்லை. இதற்குப் பொருத்தமான குற்றவாளி சிவி 19. படித்தேன்: 140. இரண்டு மூன்று என்ஜின்களை ஜோடி சேர்த்து ஒரே வண்டியாக ஓட்டும்போது, அந்த ஜோடிக்கு ஒரு பொது முகவரி தருவார்கள். அது இந்த அறையில் உட்காரும். உட்கார்ந்துவிட்டால் டிகோடர் வேகக் கட்டளையைப் பொது முகவரியில் மட்டுமே கேட்கும், சொந்த முகவரியில் லைட், ஹாரன் மட்டும்தான். 140 என்றால் 128-உம் 12-உம். 12 ஜோடியின் பொது முகவரி, 128 'பின்புறமாகத் திருப்பிக் கட்டப்பட்ட வண்டி' என்பதற்கான அடையாளம். ஆக முன்னவர் இதைத் திருப்பி நிறுத்திய துணை என்ஜினாக ஓட்டியிருக்கிறார், பிரித்து விற்கும்போது விடுதலைப் பத்திரம் எழுத மறந்துவிட்டார். 19-இல் 0 எழுதினேன். நகர்ந்தது.

நகர்ந்தது என்பது மரியாதையான சொல். த்ராட்டிலை ஒன்றில் வைத்ததுமே எகிறியது. மூன்றில் ஒரு பங்கு ஏற்றுவதற்குள் வளைவில் சாய்ந்துகொண்டு பறந்தது. பையன் எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, இது கூட்ஸ்னு சொன்னீங்க?" என்றான்.

கண்ணால் பார்த்து வேகம் சொல்வது நம்பத்தக்கதல்ல. நேர்ப்பகுதியில் சரியாக ஒரு மீட்டருக்கு இரண்டு பென்சில் கோடு போட்டேன். 1:87 அளவில் ஒரு மீட்டர் என்பது நிஜத்தில் 87 மீட்டர். அதைக் கடக்கும் நொடியால் 313-ஐ வகுத்தால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வந்துவிடும். நிஜ எஸ்டி40-2, வழக்கமான 62:15 கியர் விகிதத்தில், மணிக்கு 65 மைல் வண்டி, அதாவது சுமார் 105 கிலோமீட்டர். எனவே முழு த்ராட்டிலில் ஒரு மீட்டரை 3 நொடியில் கடக்க வேண்டும். என்னுடையது 1.5 நொடியில் கடந்தது. 209 கிலோமீட்டர்!

வழக்கமான மருந்து எல்லாருக்கும் தெரியும். தொடக்க வேகம் சிவி 2, உச்ச வேகம் சிவி 5, நடு வேகம் சிவி 6. சிவி 5-இல் 128 எழுதினேன். ஓட்டினேன். அதே 1.5 நொடி. மறுபடி எழுதினேன், படித்துச் சரிபார்த்தேன், 128 என்றுதான் வந்தது. வண்டி கண்டுகொள்ளவில்லை. சிவி 6-இலும் கை வைத்தேன். ம்ஹூம். த்ராட்டிலின் வேகத்தை எத்தனை படியாகப் பிரிப்பது என்பதில் வரும் 14 படி, 28 படிக் குழப்பமாக இருக்குமோ என்று ஒரு சந்தேகம் வந்தது. ஆனால் அப்படி இருந்தால் வேகத்தை ஏற்றும்போது ஒவ்வொரு படிக்கும் லைட் அணைந்து எரிந்து விளையாடும். இதில் லைட் நிலையாக இருந்தது. ஒரு முழு சனிக்கிழமை இப்படியே போனது.

ஞாயிறு காலை காபியோடு சிவி 29-ஐப் படித்தேன். 54. இந்த ஓர் அறைதான் மற்ற அறைகளுக்கெல்லாம் கணக்குப்பிள்ளை. எண்ணைப் பிரித்துப் பார்க்க வேண்டும்: 32 நீள முகவரி, 16 ஸ்பீட் டேபிள், 4 பழைய டிசி மின்சாரத்திலும் ஓடும் வசதி, 2 என்பது 28 அல்லது 128 படி. அந்த 16-தான் ஆள். ஸ்பீட் டேபிள் விழித்திருக்கும்போது இந்த டிகோடர் சிவி 2, 5, 6 மூன்றையும் திரும்பிக்கூடப் பார்க்காது. சிவி 67 முதல் 94 வரை 28 அறைகளில் எழுதியிருப்பதே வேதம். அந்த 28-ஐயும் ஒவ்வொன்றாகப் படித்துக் காகிதத்தில் கோடு போட்டுப் பார்த்தேன். ஒன்பதாவது அறையிலேயே 200-ஐத் தாண்டிவிட்டது. ஜோடியில் இருந்த வேகமான என்ஜினுக்கு ஈடுகொடுக்க முன்னவர் பொறுமையாகச் செதுக்கியிருக்கிறார். ஜோடி போய்விட்டது, செதுக்கல் நின்றுவிட்டது.

இங்கே ஒரு முட்டாள்தனம் செய்தேன், மறைக்க விரும்பவில்லை. சிவி 29 என்றாலே '6 போடு' என்பது மனப்பாடம். போட்டேன். வண்டி காணாமல் போயிற்று. அதாவது தண்டவாளத்தில்தான் நிற்கிறது, எந்தக் கட்டளைக்கும் அசையவில்லை. 6-இல் 32 இல்லை, நீள முகவரி அணைந்துவிட்டது, வண்டி இப்போது சிவி 1-இல் இருக்கும் பழைய குட்டி முகவரி 3-இல் காது வைத்துக்கொண்டிருக்கிறது. நான் போட வேண்டியது 54-இல் 16 போக 38. எழுதினேன். சிவி 5-இன் 128 சட்டென்று வேலை செய்தது.

"சிவி 8-இல் 8 எழுதி ரீசெட் அடித்திருந்தால் ஐந்து நிமிட வேலை" என்று சொல்வீர்கள். இந்த டிகோடரில் அது நடக்கும்தான். ஆனால் முன்னவரின் லைட் அமைப்புகள் எல்லாம் போயிருக்கும், எனக்குச் சிவி 29-உம் புரிந்திருக்காது. அடுத்த கோளாறையும் டிகோடர் தலையில் கட்டி இன்னொரு ரீசெட் அடித்திருப்பேன்.

அளவெடுப்பதில் இன்னொரு ஓட்டை இருந்தது. ஒரே த்ராட்டில் நிலையில் ஒரு தடவை 4.1 நொடி, அடுத்த சுற்றில் 3.2. காரணம் சிவி 3. அதில் 20 இருந்தது. பொது விதிப்படி அந்த எண்ணை 0.896-ஆல் பெருக்கினால், நின்ற நிலையிலிருந்து முழு வேகம் எட்ட ஆகும் நொடி கிடைக்கும். சுமார் 18 நொடி. நான் பென்சில் கோட்டைத் தாண்டும்போது வண்டி இன்னும் வேகம் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. வேகத்தைச் சீர்படுத்தி முடிக்கும் வரை சிவி 3, வேகம் குறைவதற்கான சிவி 4 இரண்டையும் 0 ஆக்கிவிடுங்கள். கடைசியில் வேண்டிய இழுவையைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

மேல் வேகம் அடங்கியது. கீழ் வேகத்தில்தான் உண்மையான தலைவலி. மெல்ல நகர்த்தினால் வண்டி நொண்டியது. கொஞ்சம் போகும், ஒரு துள்ளல், மறுபடி கொஞ்சம் போகும். சிவி 2-ஐ ஒவ்வொன்றாக ஏற்றி 14 வரை போனால்தான் முதல் படியில் அசைந்தது. எனக்குப் பேக்-ஈஎம்எஃப் மீது சந்தேகம். டிகோடர் மோட்டாருக்குத் தரும் மின்சாரத்தை அவ்வப்போது ஒரு கணம் நிறுத்தி, சுழலும் மோட்டார் தானே உண்டாக்கும் வோல்டேஜை அளந்து, வேகம் குறைந்திருந்தால் கூடுதலாகத் தள்ளும். இந்தத் தள்ளல் அளவு மீறினால் வண்டி துள்ளும். அதை அணைத்துப் பார்த்தேன். துள்ளல் மென்மையானது, ஆனால் போகவில்லை.

அப்போதுதான் சாக்பீஸ் எடுத்தேன். துள்ளும் ஒவ்வோர் இடத்திலும் ஸ்லீப்பரில் ஒரு புள்ளி. அடுத்த சுற்றில் புள்ளிகள் வேறு இடத்தில் விழுந்தன. எனவே தண்டவாள அழுக்கு இல்லை, அழுக்காக இருந்தால் அதே இடத்தில் துள்ளியிருக்கும். புள்ளிக்குப் புள்ளி ஸ்கேல் வைத்தேன். 37 மில்லிமீட்டர். அடுத்தது 36. அடுத்தது 37. இந்த எஞ்சினின் நிஜச் சக்கரம் 40 அங்குலம், 87-ஆல் வகுத்தால் 11.7 மில்லிமீட்டர் விட்டம். சுற்றளவு 36.7. சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் ஒரு துள்ளல்! மோட்டாரிலோ அதை ஒட்டிய திருகு கியரிலோ கோளாறு என்றால், சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் அவை பல தடவை சுற்றிவிடுவதால், சில மில்லிமீட்டருக்கு ஒரு துள்ளல் வந்திருக்கும். ஆக ஆக்ஸில் கியர். எந்த சிவியும் இதைத் தொட முடியாது.

போகிகளின் (சக்கரங்களைத் தாங்கும் தொகுதிகளின்) அடித்தட்டைக் கழற்றி ஆறு ஆக்ஸிலையும் போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தேன். நான்காவதில் இரண்டு பற்களுக்கு நடுவே மயிரிழைக் கீறல். கியரின் துளை ஆக்ஸிலைவிட ஒரு துளி சிறிதாக இருப்பதால்தான் இறுகப் பிடிக்கும், வருடக்கணக்கில் அந்த இறுக்கத்திலேயே பிளாஸ்டிக் பிளந்துவிடுகிறது. பிளந்த இடத்தில் பல் இடைவெளி அகலமாகி, ஒவ்வொரு சுற்றிலும் அங்கே தடுக்குகிறது. பேக்-ஈஎம்எஃப் பாவம், அந்தத் தடுக்கலைச் சுமை என்று நினைத்து உதைத்துக்கொண்டிருந்தது.

ஊரில் இந்தப் பொழுதுபோக்கில் எனக்கு முன்னோடி ஓர் அண்ணன் இருக்கிறார். போன் போட்டேன். "பசை போட்டு ஒட்டிடலாமாண்ணா?"

"அந்த பிளாஸ்டிக்ல பசை நிக்காதுப்பா. என்கிட்ட ஒரு செத்த போகி கிடக்கு, வந்து ஆக்ஸிலைக் கழட்டிக்கோ."

கழற்றி வந்தேன். சக்கர இடைவெளியை கேஜ் தகடு வைத்துச் சரிபார்த்து மாட்டினேன், கியரில் துளி கிரீஸ். பேக்-ஈஎம்எஃப்பைத் திரும்ப இயக்கினேன். சிவி 2-இல் 14 கேட்ட அதே வண்டி இப்போது 4-லேயே புறப்படுகிறது. ஸ்லீப்பர் ஸ்லீப்பராக எண்ணிக்கொண்டு போகிறது.

இப்போதைய எண்கள்: சிவி 2-இல் 4, சிவி 6-இல் 48, சிவி 5-இல் 128. முழு த்ராட்டிலில் 2.9 நொடி, பாதியில் சுமார் 8 நொடி. நடு எண்ணை வேண்டுமென்றே தாழ்த்தி வைத்திருக்கிறேன், யார்டில் பெட்டி கோக்கும்போது விரலுக்கு இடம் வேண்டும். சிவி 3-இல் 12, சிவி 4-இல் 8.

பாக்கி ஒன்று இருக்கிறது. முன்னால் 2.9 நொடி எடுக்கும் வண்டி, பின்னால் 3.3 எடுக்கிறது. அதற்கென்றே சிவி 66, சிவி 95 என்று இரண்டு திருத்த அறைகள் உண்டு. கையேட்டைப் புரட்டினேன். இந்த டிகோடரில் அவை ஸ்பீட் டேபிள் விழித்திருந்தால் மட்டுமே வேலை செய்யுமாம். நான் ஒரு வாரம் போராடி அணைத்த அதே 16-ஐத் திரும்பப் போட்டு, 28 அறையையும் நானே எழுத வேண்டும். இந்த சனிக்கிழமை அதுதான் வேலை. முன்னவரின் 28 எண்கள் எழுதிய காகிதத்தை இன்னும் தூக்கிப் போடவில்லை.