அவிழ்க்க மறந்த முடிச்சு

தண்டையார்பேட்டையில் என் தாய்வீட்டுத் தெருமுனையில், அரசும் வேம்பும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு நிற்கும் ஒரு மேடை உண்டு. அடியில் இரண்டு நாகர் சிலைகள், சிறிய பிள்ளையார், குங்குமம் ஏறி ஏறிக் கறுத்துப்போன ஒரு சூலம். கிளைகளில் மஞ்சள் கயிறுகள், பிள்ளை வரம் கேட்டவர்கள் கட்டிய மரத்தொட்டில்கள், சாயம் போன சிவப்புத் துணிகள். அவற்றுக்கு நடுவே, 2016ஆம் ஆண்டு நான் கட்டிய பள்ளிக்கூட ரிப்பன் ஒன்றும் இருந்தது. ஒன்பது ஆண்டுகள் கழித்து அதை அவிழ்ப்பதற்காகத்தான், சித்திரை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், நானும் மகளும் அம்மாவை அழைத்துக்கொண்டு திருவொற்றியூருக்குப் புறப்பட்டோம். தெருமுனை மரத்துக்கு ஒற்றியூர் வழியாகப் போக வேண்டிய காரணம், அந்த முடிச்சைப் போட்டபோது நான் சொன்ன வார்த்தையில் இருக்கிறது.

மகளுக்கு அப்போது ஆறு வயது. வலது கண்ணில் பார்வை மங்கல் என்பது பள்ளியில் நடந்த கண் பரிசோதனையில்தான் தெரிந்தது. சோம்பல் கண் என்று மருத்துவர் சொன்னார். மூளை அந்தக் கண்ணைப் பயன்படுத்தப் பழகவில்லை. ஆகையால் நன்றாகப் பார்க்கும் இடது கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடி ஒட்டிவைத்து, சோம்பியிருக்கும் கண்ணை வேலை வாங்க வேண்டும். சிறு வயதிலேயே செய்தால்தான் பலன் அதிகம் என்று விளக்கினார். நல்ல கண்ணைக் கட்டச் சொல்கிறாரே என்று எனக்கு வயிறு கலங்கியது. அன்று மாலை அம்மா, பேத்தியின் இரட்டைப் பின்னலிலிருந்து ஒரு சிவப்பு ரிப்பனை உருவி என் கையில் கொடுத்தார். "கண்ணு தெளிஞ்சா ஒத்தியூர் மகிழடிக்குப் புள்ளைய கூட்டினு போய் கும்பிட்டுட்டு, வந்து அவுக்கறேன்னு சொல்லிக் கட்டு" என்றார். மகிழடி என்பது திருவொற்றியூர் சிவன் கோயிலில் உள்ள மகிழ மரத்தடி. கட்டினேன்.

இரண்டே ஆண்டுகளில் கண் தெளிந்தது. கண்ணாடி மட்டும் நிலைத்துவிட்டது. நாங்கள் போரூருக்குக் குடிபெயர்ந்தோம். அடுத்த வெள்ளி, அடுத்த பௌர்ணமி என்று தள்ளிப்போட்டே காலம் ஓடியது.

ரிப்பன் என்ற சொல்லைக் கேட்டாலே என் நினைவுக்கு வருவது, காலையில் அம்மா பின்னலை மடித்து, ரிப்பனைச் சுற்றி, பல்லால் கடித்து இறுக்கிப் பூப்போல முடியும் காட்சிதான். முடிச்சு நெகிழ்ந்தால் பள்ளியில் திட்டு விழும் என்பதற்காகக் கண்கள் மேலே இழுபடும்படி கட்டுவார். (ரிப்பன் மாளிகையைத் திறப்பு விழாவின்போது ரிப்பனால் சுற்றிக் கட்டியிருப்பார்கள் போலும் என்று அந்த வயதில் நம்பியிருந்தேன், ரிப்பன் பிரபுவின் பெயர் அது என்பது மிகவும் பின்னால் தெரிந்தது.) அந்தக் கட்டில் இருந்த ஆணையை நான் உணர்ந்திருக்கிறேன்: மாலை வரைக்கும் அவிழாமல் வர வேண்டும்.

விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ ஓடத் தொடங்கியது 2021 பிப்ரவரியில். திருவொற்றியூர் தேரடி என்று கோயிலுக்கு அருகிலேயே நிலையமும் வந்துவிட்டது. ஏழுகிணற்றில் குடியிருந்த வள்ளலார் இந்தச் சந்நிதிக்கு நடந்தே வந்துபோனார் என்பார்கள். படியேறவும் வேண்டாமல் நகரும் ஏணியில் நின்றபடி வந்திறங்கிய எனக்கு, ஒன்பது ஆண்டுத் தாமதத்துக்குச் சொல்ல ஒரு சாக்கும் மிஞ்சவில்லை.

உள்ளே ஆதிபுரீசுவரரைக் கவசத்தோடுதான் தரிசித்தோம். ஆண்டுக்கு மூன்றே நாட்கள், கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டித்தான் அந்தக் கவசம் நீக்கப்படும். வடிவுடையம்மன் சந்நிதியில் வெள்ளிக்கிழமைக் கூட்டம் நெருக்கியது. அம்மா தூணில் சாய்ந்தபடியே கும்பிட்டார். பிறகு தல விருட்சமான மகிழத்துக்கு வந்தோம்.

அந்த மரத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. சங்கிலியார் ஞாயிறு என்னும் ஊரில் பிறந்து, ஒற்றியூர் இறைவனுக்குப் பூமாலை கட்டும் தொண்டில் இருந்தவர். அவரை மணக்க விரும்பிய சுந்தரர் இறைவனையே தூது போகச் சொன்னார். பிரியமாட்டேன் என்று சந்நிதியில் சத்தியம் செய்ய வேண்டும் என்ற நிபந்தனை வந்ததும், திருவாரூர் நினைவு விடாத அவர், அந்தச் சத்தியம் தம்மைக் கட்டிவிடக் கூடாதென்று, சத்தியம் செய்யும் நேரத்தில் மட்டும் சந்நிதியை விட்டு மகிழ மரத்தடிக்கு எழுந்தருள வேண்டும் என்று சிவபெருமானிடமே கேட்டுக்கொண்டார். இறைவனும் இசைந்தார், இசைந்த கையோடு சங்கிலியார் கனவில் தோன்றி, மகிழின் கீழ் சத்தியம் கேள் என்றும் சொல்லிவிட்டார். மறுநாள் தோழியர், சந்நிதி வேண்டாம், மகிழடியே போதும் என்றதும் சுந்தரர் திகைத்தார். ஆனாலும் மரத்தை வலம்வந்து சத்தியம் செய்தார். பிறகு வசந்த காலம் வந்தது, ஆரூர் அழைத்தது, ஒற்றியூர் எல்லையைக் கடந்ததும் இரு கண்களும் ஒளியிழந்தன. மாசிப் பெருவிழாவில் இன்றும் மகிழடி சேவை நடக்கிறது.

சிறுவயதில் கேட்டபோது இந்தக் கதையில் எனக்குச் சுந்தரர் மீதுதான் இரக்கம் வந்தது. அன்று அங்கே நின்றபோது சங்கிலியாரைத்தான் நினைத்தேன். நாளெல்லாம் பூக்கட்டும் கைகளுக்கு முடிச்சின் அருமை தெரியாமலா இருக்கும்? பூக்கட்டுவது, தாலி கட்டுவது, காப்புக் கட்டுவது, முடிந்துவைப்பது என்று நம் வாழ்வின் உறுதிகளையெல்லாம் நூலின் வேலையாகத்தானே பேசுகிறோம். வேண்டுதல் என்றால் கேட்பது என்றே இத்தனை நாளும் எண்ணியிருந்தேன். மரத்தில் நாம் கட்டுவது கொடுத்த வாக்கு. மரம் அதற்குச் சாட்சி. நாம் போரூருக்குப் போகலாம், ஆரூருக்குப் போகலாம்; அது நின்ற இடத்திலேயே நிற்கும்.

மகள் உதிர்ந்த மகிழம்பூக்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சின்னஞ்சிறு பூ, நடுவில் துளை இருப்பதால் அப்படியே நூலில் கோத்துவிடலாம், காய்ந்தாலும் மணம் போகாது. கண்ணாடியைத் தலைக்கு மேல் ஏற்றிவிட்டு, வலது கண்ணை மட்டும் திறந்து, ஒரு பூவின் துளை வழியே மரத்தைப் பார்த்தாள். "தெரியுதும்மா" என்றாள்.

மதியத்துக்குள் தண்டையார்பேட்டைக்கு வந்துவிட்டோம். நான் கட்டிய ஆண்டின் டிசம்பரில் அடித்த வர்தா புயலில் வேம்பின் பெரிய கிளை ஒன்று முறிந்துபோயிருந்தது. ரிப்பன் கட்டியது தாழ்ந்த அரசங்கிளையில் என்பதால் தப்பியிருந்தது. ஆனால் அங்கே முடிச்சு தெரியவில்லை. கிளையின் இரு பக்கமும் மரம் உதடுபோலப் பருத்து, நடுவில் பள்ளமாக ஒரு வளையம் மட்டும் இருந்தது. பட்டைக்கு உள்பக்கம் மரம் ஆண்டுதோறும் பருக்கிறது. இலை சமைக்கும் உணவும் பட்டையின் உட்புறமாகத்தான் கீழே இறங்குகிறது. சாட்டின் ரிப்பன் மக்குவதில்லை. கிளை பருக்கப் பருக்க அதன் கழுத்தை இறுக்கியிருக்கிறது. இறுக்கிய ரிப்பனை மரம் விழுங்கத் தொடங்கியிருந்தது.

மேடையருகே பூ விற்கும் அக்கா வந்து பார்த்தார். "இன்னாம்மா, இத்தப் போய்க் கட்டிக்கிறியே? நூல் துணியில மஞ்ச தேச்சுக் கட்டியிருந்தா நாலு மழைக்கு நைஞ்சு தானா பூட்டிருக்கும்" என்று கடிந்துகொண்டு, நார் அறுக்கும் பிளேடைக் கொடுத்தார். பிழை முழுவதும் என்னுடையது. கட்டும்போது விரல் நுழையும் அளவுக்காவது தளர்த்தியிருக்கலாம், சொன்ன காலத்தில் வந்தாவது இருக்கலாம்.

பட்டையில் பிளேடு படாமல் மெல்ல அறுத்தோம். முக்கால் முழம் போல வந்தது, சிவப்பு போய்ச் சாம்பல் நிறத்தில். மீதி வரவில்லை, மகள் இழுக்கப் போனபோது அம்மா தடுத்தார். "வுடு, அது மரத்தோடது ஆயிடுச்சு" என்று சொல்லி, அந்தப் பள்ளத்தில் கொஞ்சம் மஞ்சளைக் குழைத்துப் பூசினார். அறுத்த துண்டை மகள் மகிழம்பூக்களோடு சேர்த்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள், தளர்வாகத்தான்.