செயன்முறைப் பரீட்சையில் கை தடுமாறும் இடங்கள்: மட்டக்களப்பில் அவசர முதலுதவிப் பயிற்சி

எழுத்துப் பரீட்சையை எல்லாரும் எப்படியோ தாண்டிவிடுவார்கள். செயன்முறையில்தான் ஆட்கள் விழுகிறார்கள். மட்டக்களப்பில் இந்தப் பயிற்சியை முடித்து, பிறகு வந்த குழுக்களுக்குப் பயிற்சிப் பொம்மை தூக்கிக் கொடுத்தவர்கள் நாங்கள். எங்கெங்கே கை தடுமாறுகிறது என்பதை அடுத்து போகிறவர்களுக்காக எழுதி வைக்கிறோம்.

சி.பி.ஆர். (இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தி, மூச்சுக் கொடுப்பது) என்றதும் 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 என்று எல்லாரும் ஒப்புவிப்பார்கள். ஆழம் பெரும்பாலும் வந்துவிடும், பொம்மைக்குள் ‘டிக்’ சத்தம் கேட்கிறதே. புள்ளி போவது நெஞ்சை மேலே விடுவதில். களைத்தவர் கையை உயர்த்தும்போதும் உடல் பாரத்தைப் பொம்மைமேல் சாய்த்தே வைத்திருப்பார். நெஞ்சு முழுதாக எழும்பாவிட்டால் இதயத்தில் இரத்தம் நிரம்பாது. அடுத்த அழுத்தலில் வெளியே தள்ளப் போதிய இரத்தம் இருக்காது. முழங்கால்களை ஆளின் பக்கத்தில் நெருக்கி, தோளைக் கைக்கு நேர் மேலே கொண்டுவந்து, முழங்கையை மடிக்காமல் இடுப்பிலிருந்து அழுத்துங்கள். 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறியே ஆக வேண்டும். “எனக்குக் களைக்கவில்லை” என்று சொல்பவரின் ஆழம் அதற்கு முன்பே குறைந்திருக்கும். அடுத்தவர் எதிர்ப்பக்கத்தில் முழங்காலிட்டுக் காத்திருந்தால் சில செக்கனில் மாறிவிடலாம்.

வாவியும் கடலும் உள்ள ஊரில் நீரில் மூழ்கியவருக்கான முறையைத் தனியாகப் பழகுங்கள். இவருக்கு முதலில் ஒட்சிசன் தீர்ந்து, அதன் பிறகே இதயம் நிற்கிறது. ஆகவே மூச்சுக் கொடுத்துத்தான் தொடங்க வேண்டும்: ஐரோப்பிய முறையில் 5 மூச்சு, அமெரிக்க முறையில் 2. உங்கள் பயிற்றுநர் எதைச் சொன்னாரோ அதையே பரீட்சையிலும் செய்யுங்கள். பிறகு வழமைபோல் 30 அழுத்தல், 2 மூச்சு. வாயில் நுரை வந்துகொண்டே இருக்கும். அதைத் துடைப்பதில் நேரத்தை விடாதீர்கள். வாந்தி வந்தால் ஆளைப் பக்கவாட்டில் புரட்டித் துப்புரவாக்கிவிட்டுத் தொடருங்கள். வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது, தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது இரண்டும் வேண்டாம். கரையில் நிற்கும் சனம் அதைத்தான் செய்யச் சொல்லும். இளகிய மணலில் அழுத்தினால் உடல் புதையும், ஆழம் கிடைக்காது. இறுகிய தரைக்கு இழுத்து, தலையும் காலும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி கரையை ஒட்டி நீளவாக்கில் கிடத்துங்கள். ஏ.இ.டி. (இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி) இருந்தால் அதன் பட்டையை ஒட்டுமுன் நெஞ்சைத் துவாயால் துடைக்க வேண்டும்.

அம்பு பேக்கை (முகமூடியோடு வரும், அமுக்கி மூச்சுக் கொடுக்கும் பை) ஒரே ஆள் பிடித்து அமுக்குவது பார்க்க லேசு, செய்யக் கடினம். முகமூடியின் ஓரத்தால் காற்று கசியும். இருவர் இருந்தால் ஒருவர் இரண்டு கையாலும் தாடையை முகமூடிக்குள் இழுத்துப் பிடிக்க, மற்றவர் அமுக்கட்டும். பெரியவர்களுக்கான பை ஏறத்தாழ ஒன்றரை லீற்றர் கொள்ளும்; தேவை அரை லீற்றர். நெஞ்சு எழும்பியதும் நிறுத்துங்கள். மிச்சக் காற்று வயிற்றுக்குள்தான் போகும், வாந்தியாகத் திரும்பி வரும்.

இரத்தப்போக்குக்கு வருவோம். வெட்டுமெசினிலோ உழவு இயந்திரத்திலோ கால் அகப்பட்டால் டூர்னிக்கே (இரத்தத்தை நிறுத்த அங்கத்தைச் சுற்றி, தடியால் திருகி இறுக்கும் பட்டி) கட்டத் தெரிந்திருக்க வேண்டும். காயத்துக்கு 5 முதல் 7 சென்ரிமீற்றர் மேலே, மூட்டில் படாமல். எல்லாரும் தவறவிடுவது ஒன்று: தடியைத் திருகுமுன் பட்டியின் தளர்வை முழுக்க இழுத்தெடுப்பது. தளர்வு இருந்தால் எத்தனை சுற்றுச் சுற்றியும் இரத்தம் நிற்காது. இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பும் நாளம் மட்டும் அடைபட்டு, இதயத்திலிருந்து கொண்டுவரும் நாடி ஓடிக்கொண்டிருந்தால் இரத்தம் இன்னும் கூடப் போகும். வலியில் ஆள் கத்துவார். அதற்காகத் தளர்த்தக் கூடாது. கட்டிய நேரத்தை எழுதுங்கள். சைக்கிள் ரியூப், கம்பி, கயிறு எல்லாம் ஒடுக்கமானவை, சதையை வெட்டும். சாரத்தை நான்கு விரல் அகலத்துக்கு மடித்து, உறுதியான தடி வைத்துத் திருகுவது அதைவிட மேல்.

பாம்புக்கடிக்கு இந்தக் கட்டு ஆகவே ஆகாது. மோதிரம், காப்பைக் கழற்றி, அங்கத்தை அசையாமல் வைத்து வைத்தியசாலைக்கு அனுப்புவதுதான் வேலை. பாம்பை அடித்துப் பிடிக்கப் போகாதீர்கள்.

பலர் காயப்பட்ட விபத்து, உதாரணத்துக்கு பஸ் புரண்டது, கடைசியாக வரும். யாரை முதலில் பார்ப்பது என்று நிறச் சீட்டுப் போட்டு ஆட்களைப் பிரிக்க வேண்டும். நடக்கக்கூடியவர் பச்சை. நிமிடத்துக்கு 30க்கு மேல் மூச்சு, மணிக்கட்டில் நாடித்துடிப்பு இல்லை, சொன்னதைச் செய்யவில்லை: இவற்றில் எது இருந்தாலும் சிவப்பு. மூன்றும் சரி, ஆனால் நடக்க முடியாது என்றால் மஞ்சள். மூச்சே இல்லாதவருக்குச் சுவாசப்பாதையைத் திறந்து பார்க்க வேண்டும். மூச்சு வந்தால் சிவப்பு, வராவிட்டால் கறுப்புச் சீட்டு, அடுத்தவரிடம் போக வேண்டும். அந்த இடத்தில் மனம் கேளாமல் சி.பி.ஆர். தொடங்குகிறவர்கள்தான் அதிகம். ஒருவரில் நின்றுவிட்டால் பின்னால் கிடக்கும் சிவப்புகளை யாரும் பார்க்க மாட்டார்கள்.

எந்தப் பகுதியிலும் செய்வதை வாயால் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். “இடம் பாதுகாப்பு, கையுறை போட்டேன், 1990க்கு (அம்புலன்ஸுக்கு) அழைக்கச் சொன்னேன்” என்று சொல்லாவிட்டால் பரீட்சகர் புள்ளி போட மாட்டார். 1990க்குப் பேசும்போது வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பக்கம் ஊர்ப் பெயர் மட்டும் போதாது. வட்டையின் (வயல்வெளியின்) பெயர், வாய்க்கால், பக்கத்துப் பாலம் அல்லது கோயில், எந்தப் பக்கத்தால் வண்டி வரலாம் என்பதையும் சொல்லுங்கள். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, அம்புலன்ஸைக் கூட்டிவர ஒருவரைப் பெரிய ரோட்டுக்கு அனுப்புங்கள்.