பச்சைக்கு ஒரு வினைச்சொல்

எகிப்தைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றுக்குத் தமிழ் சப்டைட்டில் போட்டுக்கொண்டிருந்தேன். அபிடோஸில் கிடைத்து இப்போது கெய்ரோ அருங்காட்சியகத்தில் இருக்கும் செஹெதெபிப்ரே என்ற அதிகாரியின் கல்வெட்டு அதில் வருகிறது. 12ஆம் வம்சத்து மன்னன் மூன்றாம் அமெனெம்ஹெத்தைப் புகழ்ந்து அவர் தன் பிள்ளைகளுக்குச் சொல்லும் புத்திமதி. ஆங்கில ஸ்கிரிப்டைப் பார்த்து "நைல் பெருவெள்ளத்தை விட அவர் பச்சையாக்குகிறார்" என்று எழுதி அனுப்பிவிட்டேன். சரிபார்க்கும் அக்கா திருப்பி அனுப்பினார், ஒரே கேள்வியோடு: "மன்னர் பெயின்ட் அடிக்கிறாரா தம்பி?"

வெட்கமாகத்தான் இருந்தது. அப்புறம் உட்கார்ந்து தேடினேன். பழைய எகிப்திய மொழியில் நிறங்களே வினைச்சொற்கள். 'வாஜ்' என்றால் பச்சையாக இருப்பது, பாப்பிரஸ் என்ற நீர்க்கோரைத் தண்டின் படத்தால் எழுதுவார்கள், புதிதாக இருப்பது, தழைப்பது, நலமாக இருப்பது எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். முன்னால் ஒரு 'ஸ்' சேர்த்தால் தழைக்கச் செய்வது என்றாகிவிடும். கல்வெட்டில் அதற்கு முந்தைய வரியிலும் இதே வித்தைதான்: வெண்மைக்கான 'ஹெஜ்' முன்னால் அதே 'ஸ்', சூரியனை விட மன்னன் நாட்டை ஒளிரச் செய்கிறானாம்.

இதில் நமக்குப் புதிதாக என்ன இருக்கிறது என்று தோன்றியது. விடியலை அவர்கள் 'நிலம் வெளுத்தது' என்பார்கள், நாம் கிழக்கு வெளுத்தது என்கிறோம். அவர்களின் சிவப்புச் சொல்லில் கோபமும் உண்டு. 'கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள' என்று தொல்காப்பியமே சொல்கிறது. ஆங்கிலம் வழியாக வந்ததால்தான் நான் 'பச்சை' என்று ஒரு பெயரைப் பிடித்து 'ஆக்கு' என்று ஒட்டவைத்திருக்கிறேன். நேராக வினைக்கு வினை வைத்துவிடலாமே என்று உற்சாகமாகக் கிளம்பினால், ஒளிரச் செய்பவரை 'வெளுக்கிறார்' என்று எழுத முடியாது, துணி துவைக்கிறாரா ஆளை அடிக்கிறாரா என்று ஆகிவிடும். பச்சையில் இன்னும் பெரிய சிக்கல். நம்மிடமும் வினை இருக்கிறது, பசத்தல். ஆனால் அது தழைப்பது இல்லை, காதலன் பிரிந்துபோனதில் தலைவியின் மேனி நிறம் மாறி வெளிறிப்போவது. குறளில் பசப்புறு பருவரல் என்று பத்துக் குறள் இதற்கே இருக்கிறது. நைல் கரையில் உயிர் தழைப்பதைச் சொன்ன நிறம் நம் அகப்பாட்டில் நோய்க்குறி! மன்னன் நாட்டைப் பசக்கச் செய்கிறான் என்று எழுதியிருந்தால் அக்கா போனிலேயே கூப்பிட்டிருப்பார்.

கடைசியில் "பெருவெள்ளத்தை மிஞ்சி நாட்டைப் பசேலெனத் தழைக்கச் செய்கிறார்" என்று அனுப்பினேன். நன்றாக இருக்கிறது, ஆனால் ஷாட் மூன்றே வினாடி, படிக்க நேரம் போதாது என்று பதில் வந்தது. 'பசேலென' போனது. படத்தில் இப்போது கல்லில் அந்தப் பாப்பிரஸ் தண்டு நன்றாகவே தெரிகிறது, கீழே என் வரியில் பச்சை இல்லை.