கையெழுத்துப் போடாத ஜாமீன்

2008 அக்டோபரில் நான் கிழக்கு லண்டனில் ஒரு வங்கிக் கிளையில் கவுன்ட்டர் வேலையில் இருந்தேன். ஐஸ்லாந்தின் லாண்ட்ஸ்பாங்கி வங்கி விழுந்த வாரம் அது. அதன் 'ஐஸ்சேவ்' இணையக் கணக்கில் பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் பணம் போட்டிருந்தவர்கள் 3 லட்சத்துக்கும் மேல், ஐஸ்லாந்தின் மக்கள்தொகையே சுமார் 3.2 லட்சம்தான்! எங்கள் வங்கிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, ஆனால் ஐஸ்சேவுக்கு மக்கள் நேரில் போய்க் கேட்கக் கவுன்ட்டர் என்று எதுவும் இல்லாததால் எங்களிடம் வந்தார்கள்.

யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் நாலாக மடித்த தாளை கண்ணாடிக்கு அடியில் தள்ளினார். இப்போதைக்குப் பணம் போடவும் முடியாது, எடுக்கவும் முடியாது என்று வலைத்தளத்தில் வந்த அறிவிப்பின் பிரின்ட்.

"தம்பி, இதுக்கு நாங்கள் எங்க போய்க் கேக்கிறது?"

எனக்கும் தெரியாது. அந்த வாரமே பிரிட்டன் அரசு தனிநபர் சேமிப்பாளர்களுக்கு முழுத்தொகையும் தந்துவிடுவதாகச் சொன்னது, பிறகு தந்தும் விட்டது. அந்த அம்மா அதை எங்களிடம் பிக்சட் டெபாசிட் போட வந்தபோது கேட்ட முதல் கேள்வி, "இந்த பாங்க் எந்த நாட்டுக்காரன்ர?"

அப்புறம்தான் பிரச்சினை. பிரிட்டனும் நெதர்லாந்தும் தாங்கள் கொடுத்ததில் கிட்டத்தட்ட 390 கோடி யூரோவை ஐஸ்லாந்திடம் வட்டியோடு திருப்பிக் கேட்டன. அதற்கான சட்டத்தில் ஐஸ்லாந்து அதிபர் ஒலாஃபூர் ராக்னர் கிரிம்சன் கையெழுத்துப் போட மறுக்க, விஷயம் வாக்கெடுப்புக்குப் போனது. 2010 மார்ச் 6 அன்று 90 சதவீதத்துக்கும் மேல் 'முடியாது'. எங்கள் சாப்பாட்டு அறையில் எல்லோரும் மோசடிக்காரர்கள் என்றார்கள், நானும் சொன்னேன். எனக்கு அந்த மடித்த தாள்தான் கண்முன் நின்றது. அந்த அம்மா பணம் வாங்கி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது என்பதே மறந்துவிட்டது.

ஊரில் வேலை பார்த்தபோது, வேறு யாரோ வாங்கிய கடனுக்கு ஜாமீன் போட்டு மாட்டிக்கொண்டவர்கள் முகம் தொங்கிப்போய் மேனேஜர் அறை வாசலில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அவர்களாவது கையெழுத்துப் போட்டார்கள். ஐஸ்லாந்துத் தலைநகர் ரெய்க்யவிக்கில் இருக்கும் ஒரு பள்ளி ஆசிரியை எதில் போட்டார்? சேமிப்புக்கு உத்தரவாதம் தர ஐஸ்லாந்தில் ஒரு நிதி இருந்தது, தலைக்கு 20,887 யூரோ வரை. பெரிய வங்கிகள் மூன்றும் ஒரே வாரத்தில் விழுந்தால் எந்த நிதி தாங்கும்? மீதியை வரிப்பணத்தில் நிரப்ப வேண்டுமா என்பதுதான் வழக்கே. (போதாததற்கு, அந்த வங்கியின் சொத்தை முடக்கப் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தை எடுத்தது பிரிட்டன். யாருக்குத்தான் கோபம் வராது?)

பிறகு வட்டியை 3 சதவீதம் அளவுக்குக் குறைத்துக் கேட்டார்கள். 2011 ஏப்ரலில் நடந்த இரண்டாவது வாக்கெடுப்பிலும் சுமார் 60 சதவீதம் பேர் மாட்டோம் என்றார்கள். உண்மையைச் சொன்னால், அதில் நான் 'சரி' பக்கம்தான் போட்டிருப்பேன், செட்டில்மென்ட்டில் முடித்துக் கோப்பை மூடிப் பழகிய கை. 2013 ஜனவரியில் எஃப்டா நீதிமன்றம் (ஐஸ்லாந்து, நார்வே, லீக்டென்ஸ்டைன் நாடுகளுக்கான பொது நீதிமன்றம்) ஐஸ்லாந்து பக்கம் தீர்ப்புச் சொன்னபோது அசடு வழிந்தேன்.

அசல் போகவும் இல்லை. விழுந்த வங்கியின் சொத்தை விற்று, கொடுத்த கடன்களை வசூலித்து, 2016 ஜனவரியில் கடைசித் தவணையைக் கட்டிவிட்டார்கள். ஏழு வருஷத்துக்கு மேல் என்னைப் போல யாரோ உட்கார்ந்து கோப்பு கோப்பாகப் புரட்டியிருப்பார்கள்.