எதை நிறுத்திவிட்டீர்கள்?

இதயச் செயலிழப்பு நோயாளிகள் தொடர் சிகிச்சைக்கு வரும் பிரிவில் செவிலியராகப் பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். இதயம் நின்றுவிடுவதல்ல இது; இரத்தத்தைப் போதிய அளவு இறைக்க முடியாமல் உடலில் நீர் தேங்கும் நோய். "மூச்சு வாங்குகிறதா?" என்று கேட்டால், இங்கே வருகிறவர்களில் பலர் "அப்படியொன்றும் இல்லை சிஸ்டர்" என்பார்கள். அது பொய்யில்லை. மாடி ஏறினால் மூச்சு முட்டும் என்று தெரிந்ததும் மாடி ஏறுவதையே விட்டிருப்பார்கள். படுக்கை கீழ்த்தளத்துக்கு வந்திருக்கும். கடைக்குப் போவது மகனுடைய வேலையாகியிருக்கும். குளியலறைக்குள் ஒரு நாற்காலி நுழைந்திருக்கும். எல்லாம் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக நடப்பதால், எவ்வளவு கைவிட்டுப் போயிற்று என்பது அவர்களுக்கே தெரிவதில்லை. வயதாகிவிட்டது என்று சமாதானம் செய்துகொள்கிறார்கள்.

அதனால் நான் முதலில் கேட்பது இதைத்தான்: "போன வருடம் செய்துகொண்டிருந்து, இப்போது நிறுத்திவிட்ட வேலை எது?"

இந்த நோயின் தீவிரத்தை நான்கு வகுப்புகளாகப் பிரிக்கும் நியூயார்க் இதயச் சங்கத்தின் முறை 1928 முதல் இருக்கிறது. எவ்வளவு வேலை செய்தால் களைப்பும் மூச்சுத்திணறலும் வருகின்றன என்பதே அதன் அளவுகோல். வேலையே செய்யாதவர் அதில் நலமானவர்போலத் தெரிந்துவிட வாய்ப்புண்டு. நோயாளியின் வாழ்க்கைத் தரத்தை அளக்க உருவான கன்சாஸ் சிட்டி கேள்வித்தாள் இன்னும் நுட்பமானது. 23 கேள்விகள், உடை உடுத்துவது, குளிப்பது, மாடி ஏறுவது என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். 'வேறு காரணங்களால் முடியவில்லை அல்லது செய்யவில்லை' என்றும் ஒரு விடை உண்டு. அதைக் குறித்தால் அந்தக் கேள்வி மதிப்பெண் கணக்கில் சேராது. என் பார்வை முதலில் போவது அந்தக் கட்டத்துக்குத்தான். ஏன் செய்யவில்லை என்று கேட்டால்தான் பேச்சே தொடங்குகிறது.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். எப்போதும் பளபளப்பான ஷூவோடு வருபவர், திடீரென்று செருப்புக்கு மாறியிருந்தார். "ஷூ எங்கே ஐயா?" என்றேன். "நாடா கட்ட அலுப்பாக இருக்கிறதம்மா" என்றார். நாற்காலியில் உட்கார்ந்தபடியே குனிந்து கணுக்காலைத் தொடச் சொன்னேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, சட்டென்று நிமிர்ந்துவிட்டார். குனிந்தவுடன் வரும் இந்த மூச்சுத்திணறல், இதயத்துக்குள் ஏற்கெனவே கூடியிருக்கும் அழுத்தம் குனியும்போது மேலும் உயர்வதால் வருவது. மருத்துவர் பரிசோதித்து, நீர் பிரிவதற்கான மாத்திரையின் அளவைக் கூட்டினார். அடுத்த முறை எடை இறங்கியிருந்தது. ஷூவும் திரும்பியிருந்தது. அவருடைய எக்கோ (இதய ஸ்கேன்) அறிக்கையில் அதே பழைய எண்தான்.

அந்த எண்ணைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இதயம் ஒரு துடிப்பில் தன்னிடமுள்ள இரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்பதை எக்கோ காட்டும். 30 என்று பார்த்ததும் வீடே இடிந்துபோகிறது. சிகிச்சையைத் தீர்மானிக்க அது அவசியம்தான். ஆனால் ஒருவரால் எவ்வளவு தூரம் நடக்க முடியும் என்பதை அந்த எண் சரியாகச் சொல்வதில்லை. 30 இருப்பவர் தோட்ட வேலை செய்வதையும், 55 இருப்பவர் வாசல்வரை நடக்கத் திணறுவதையும் பார்த்திருக்கிறேன்.

வாழ்க்கையைச் சுருக்குவது நோய் மட்டுமல்ல, சிகிச்சையும்தான். நீர் பிரிவதற்கான ஃபுரோசமைடு மாத்திரையை விழுங்கினால் ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கிவிடும். ஆறு மணி நேரம்வரை கழிப்பறைக்கும் அறைக்கும் நடக்க வேண்டியிருக்கும். இதற்குப் பயந்தே உறவினர் வீட்டு விசேஷங்களுக்குப் போகாதவர்கள் எத்தனையோ பேர். சிலர் வெளியே போகும் நாளில் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையைத் தவிர்த்துவிடுவார்கள். இரண்டு நாளில் கால் வீங்கி வந்து நிற்பார்கள். பெரும்பாலானோருக்கு அன்று மட்டும் வீடு திரும்பிய பின் பிற்பகலில் போட்டுக்கொள்ளலாம் என்று மருத்துவரே நேரத்தை மாற்றித் தருவார். கேட்டால் போதும். கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது.

தாகமும் அப்படித்தான். ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் குடிக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. உதடு வெடித்து, நாக்கு வறண்டு, டம்ளரை அளந்து அளந்து குடிப்பவர்களை நான் தினமும் பார்க்கிறேன். நிலையாக இருக்கும் நோயாளிகளிடம் நெதர்லாந்தில் நடத்தி 2025-இல் வெளியிட்ட ஆய்வு, கட்டுப்பாடு இருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் உடல்நிலையில் குறிப்பிடத்தக்க வேறுபாட்டைக் காணவில்லை. கட்டுப்பாடு இருந்தவர்களுக்குத் தாகத்தின் அவதிதான் கூடுதலாக இருந்தது. இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக அளவை மாற்றிக்கொள்ள வேண்டாம். நோய் முற்றியவர்களின் கணக்கு வேறு. ஆனால் எனக்கு இன்னும் இது தேவையா என்று மருத்துவரிடம் கேட்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு.

தம்பதியரின் நெருக்கத்தைப் பற்றி இந்தப் பிரிவில் யாரும் வாய் திறப்பதில்லை. நானே எடுத்தால் பல நேரம் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள், பிறகு கேள்விகள் வரும். பயம்தான் அவர்களைப் பிரித்து வைத்திருக்கும். இரண்டு மாடி மூச்சு வாங்காமல் ஏறுபவருக்குப் பொதுவாகத் தடை இல்லை என்று சொல்லும்போது அவர்கள் முகம் தெளிவதைக் கண்டிருக்கிறேன்.

இன்னொரு பேச்சையும் நாம் தள்ளிப்போடுகிறோம். நெஞ்சில் ஐசிடி கருவி பொருத்தியவர்களுக்கு இதயத் துடிப்பு ஆபத்தாகத் தடுமாறினால் அது மின்னதிர்ச்சி கொடுத்துக் காப்பாற்றுகிறது. கடைசிக் கட்டத்தில், விடைபெறும் உயிரை அதே அதிர்ச்சி திரும்பத் திரும்ப உதறவும் கூடும். அந்த ஒரு செயல்பாட்டை மட்டும் வலியில்லாமல், கத்தியில்லாமல் வெளியிலிருந்தே நிறுத்திவைக்க முடியும். துடிப்பைத் தாங்கும் பேஸ்மேக்கர் வேலை தொடரும். இதைக் கருவி பொருத்தும் நாளிலேயே, நோயாளி தெளிவாகப் பேசக்கூடிய நிலையில் இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். மூச்சுக்குப் போராடும் இரவில், கையைப் பிசைந்து நிற்கும் மகளிடம் முதன்முறையாக அதை விளக்குவது அவளுக்கு நாம் இழைக்கும் கொடுமை.